இருபத்திரண்டாவது ஆளின் லோட்டா

லாரி கிளம்புவதற்கு முன்பே சண்டை. எந்தச் சாமியை முதலில் கும்பிடுவது என்பதில் சண்டை. உபதேசியார் ஜெபம் பண்ணாமல் ஏறமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பட்டாளத்துக்காரர் எலுமிச்சம்பழத்தோடு முன் டயருக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே சேரி, ஒரே வகையறா. தாத்தா காலத்தில் ஒரு வீடு மாதா கோயில் பக்கம் போய்விட்டது, இன்னொரு வீடு மாரியம்மன் பக்கமே நின்றுவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

"மொதல்ல பழம், அப்பறம் ஜெபம்" என்றார் பட்டாளத்துக்காரர்.

"பழத்த நசுக்கிட்டு ஆண்டவர்கிட்ட நான் என்னான்னு கேக்கறது?" என்றார் உபதேசியார்.

டிரைவர் பாய்க்குப் பொறுமை போய்விட்டது. "யோவ், ஜெபம் பண்ணிக்கினே ஏறுங்க, ஏறிக்கினே பழம் வைங்க. நான் பிஸ்மில்லா சொல்லிக்கினே வண்டிய எடுக்கறேன். ஜல்தி!"

அப்படித்தான் கிளம்பினோம். மூன்று மதமும் சேர்ந்து ஆசீர்வாதம் பண்ணிய வண்டி விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் நின்றுபோனது. அதற்கு வருகிறேன்.

ஐம்பதுகளின் கடைசி, பங்குனி மாதம். பட்டணத்தில் எங்கள் சனங்களுக்கென்று பெரிய மாநாடு. எல்லா ஜில்லாவிலிருந்தும் ஆம்பளைகள் திரண்டு வரவேண்டும், நம் ஒற்றுமையை நாடே பார்க்கவேண்டும் என்று நோட்டீஸ் வந்திருந்தது. கெடாருக்குப் பக்கத்தில் எங்கள் சேரி. நான் அப்போது ஆரம்பப் பள்ளி வாத்தியாராகி ஒன்றரை வருஷம். பேனா வைத்திருப்பவன் என்பதால் பட்டியல் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. யார் வருகிறார்கள், யார் கட்டுச்சோறு கொண்டுவருகிறார்கள், யாருக்கு வெள்ளை வேட்டி இல்லை, எல்லாம் என் நோட்டில் இருந்தது. பயணத்துக்குத் தலைவர் என் தாய்மாமன். சேரியில் எதற்கும் அவர்தான் தலைவர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய ரோஷம்.

இங்கே என் வீட்டு விவகாரத்தைச் சொல்லாவிட்டால் கதை புரியாது. அதற்கு ஆறு வருஷம் முன்னால், ஊர்த்தெரு சாவுக்கு இனி நாம் பறை அடிப்பதில்லை என்று சேரி கூடி முடிவெடுத்தது. தீர்மானம் கொண்டுவந்தது மாமா. சரியான தீர்மானம், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அடுத்த மாசமே ஊர்த்தெருப் பெரிய வீட்டம்மா செத்துப்போனாள். என் அம்மா என்னைப் பெறமுடியாமல் இரண்டு நாள் துடித்தபோது, மாட்டுவண்டி பூட்டி விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தவள் அந்தம்மா. அப்பா யாரிடமும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. பறையை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். சுடுகாடு வரைக்கும் ஒற்றை ஆளாக அடித்துவிட்டு வந்தார்.

மாமா அதை மன்னிக்கவே இல்லை. "வண்டியில போனவ என் தங்கச்சிதான். அந்த நன்றி எனக்கு இல்லியா? நான் பொத்திக்கினு இல்ல? இவன் ஒருத்தன் போனா, நாளைக்கு ஊரே நம்மளப் பாத்துச் சிரிக்கும்" என்றார். அதுவும் நியாயம்தான். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற சண்டை மாதிரி பேஜார் பிடித்த சண்டை உலகத்தில் கிடையாது. அப்பாவை ஒதுக்கிவைத்தார்கள். பேச்சில்லை. கூட்டம் போடும் இடத்தில் ஒரு தண்ணீர்ப் பானையும் பொதுச் சொம்பும் இருக்கும். அதை அப்பா தொடக்கூடாது.

நாலு வருஷம் முன்னால் தங்கை பெரியவளானபோது பச்சை ஓலையில் குச்சுக் கட்ட வேண்டிய தாய்மாமன் வரவில்லை. அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. இப்போது வைகாசியில் தங்கைக்குக் கல்யாணம் வைத்திருந்தது. தாய்மாமன் இல்லாமல் பெண்ணை மணையில் உட்கார வைத்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? "பட்டணத்துக்குப் போயி என்னா மாநாடு வேணா நடத்து. எங்க அண்ணன் வாயால என் வூட்டுக்காரரக் கூப்புட வச்சிட்டு வா. இல்லாட்டி நீ வராத" என்று அம்மா சொல்லிவிட்டாள். பெற்ற தாய் பேசுகிற பேச்சா அது? பேசினாள்.

அதனால் நான் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். பட்டியலை மாமாவிடம் படித்துக்காட்டும்போது இருபத்தொரு பெயரோடு நிறுத்திக்கொண்டேன். இருபத்திரண்டாவது பெயரை அப்புறம் எழுதினேன். விடியற்காலையில் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து லாரியில் ஏறினார். மாமாவுக்கு மீசை துடித்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் முதல் நாள்தான் "ஒரு ஆளு கொறையாம வரணும், ஒத்துமதான் நம்ம பலம்" என்று முழங்கியிருந்தார். என்ன செய்வார்? டிரைவர் பக்கத்து சீட்டைப் பட்டாளத்துக்காரருக்கு விட்டுவிட்டு, யாரும் அப்பாவிடம் பேசிவிடக்கூடாது என்று காவலுக்குப் பின்னால் எல்லோரோடும் ஏறி, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

லாரியில் பாதிக்கு மல்லாட்டை, வேர்க்கடலை மூட்டை. மீதிப் பாதியில் நாங்கள். "மூட்டையில கை வச்சீங்க, அங்கியே எறக்கி வுட்டுடுவேன்" என்று பாய் கிளம்பும்போதே எச்சரித்தார். விழுப்புரம் வருவதற்குள் எல்லோர் வாயும் மென்றுகொண்டிருந்தது. உபதேசியார் கூட. "ஓட்ட மூட்டைங்க, அதுவா வந்து கையில வுழுது" என்று எனக்கு விளக்கம் வேறு சொன்னார்.

அப்பாவிடம் யாரும் பேசக்கூடாதே, அவர் சும்மா இருப்பாரா? பக்கத்திலிருந்த மூட்டையோடு பேச ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா மூட்ட, சௌக்கியமா? பட்டணத்துக்கா? நானும் அங்கதான். நீ செக்குக்குப் போற, நான் ஒத்துமைக்குப் போறேன். ரெண்டு பேரையும் ஒண்ணாதான் பிழியப் போறானுங்க."

லாரியே குலுங்கியது. சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஆட்கள் இருமுவதுபோல் நடித்தார்கள். மாமாவின் முதுகு மட்டும் அசையவில்லை. ஆனால் காது சிவந்திருந்தது. சிரிப்பை அடக்கினால் அவருக்குக் காதுதான் சிவக்கும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

விக்கிரவாண்டிக்கு இந்தப் பக்கம் வண்டி மூச்சு விட்டுவிட்டு நின்றுபோனது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். அப்பா இடது மூலையைப் பிடித்தார். இடது பக்கம் நின்ற மாமா உடனே வலது மூலைக்குப் போனார். வலது பக்கம் பலம் கூடிப்போய் லாரி புளியமரத்தை நோக்கிப் போக ஆரம்பித்தது. பாய் தலையை வெளியே நீட்டி, "ஒத்துமையா தள்ளுங்கய்யா, மாநாட்டுக்குத்தானே போறீங்க!" என்று கத்தினார். அந்தக் கேலியில் எஞ்சினுக்கே ரோஷம் வந்துவிட்டதோ என்னவோ, புறப்பட்டது.

திண்டிவனம் வரும்போது நல்ல பசி. கட்டுச்சோறு மத்தியானத்துக்கு. ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு ஓட்டல் வாசலில் பாய் வண்டியை நிறுத்தினார். "எறங்குங்க. டீ குடிச்சிட்டுப் போலாம்."

யாரும் இறங்கவில்லை.

எங்கள் ஊர் டீக்கடையில் எங்களுக்கென்று தனிக் கிளாஸ் உண்டு. கூரைக்கு வெளியே ஆணியில் தொங்கும். நாமே எடுத்து நீட்டவேண்டும், மேலேயிருந்து ஊற்றுவார்கள், குந்திக் குடித்துவிட்டு, கழுவி, திரும்ப ஆணியில் மாட்டவேண்டும். சட்டம் மாறிவிட்டது என்று நான் நோட்டீசில் படித்துக் காட்டியிருந்தேன். சட்டத்துக்கு ஆணி எங்கே இருக்கிறது என்று தெரியாதே! பெஞ்சு நாற்காலி போட்ட ஓட்டலுக்குள் இருபத்திரண்டு பேராக நாங்கள் நுழைந்ததே கிடையாது. வாத்தியாரான எனக்கே கால் கூசியது. பாய்தான், "இன்னாய்யா, பொண்ணு பாக்கவா வந்துகிறீங்க, வெக்கப்பட்டுக்கினு?" என்று மாமாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனார். கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "எத்தினி பேரு? இருபத்திரண்டா? உள்ள இன்னும் ரெண்டு பெஞ்சி போடு" என்றார். அவ்வளவுதான் நடந்தது.

அப்பா கடைசி மூலையில் உட்கார்ந்து துண்டுக்குள்ளிருந்து தன் லோட்டாவை எடுத்தார். அந்த அலுமினிய லோட்டாவை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். முந்தின வருஷம் ஒரு கூட்டத்தில் தாகம் தாங்காமல் அப்பா பொதுச் சொம்பை எடுத்துவிட்டார். மாமா வந்து அந்தச் சொம்பையும் பானைத் தண்ணீரையும் எல்லோர் முன்னாலும் கவிழ்த்துக் கொட்டினார். இன்னொரு தடவை அந்த வம்பு வேண்டாம் என்று நான் விழுப்புரம் பாத்திரக் கடையில் லோட்டா வாங்கி, யாரும் மாற்றி எடுத்துவிடக்கூடாது என்று அப்பா பெயரையும் வெட்டச் சொல்லிக் கொண்டுவந்து கொடுத்தேன். அப்பா சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்திருப்பார். எங்கே போனாலும் அது கூடவே போகும்.

சப்ளையர் டீயோடு வந்தான். அப்பா லோட்டாவை நீட்டினார். "இதுல ஊத்துப்பா."

"அதுல ஊத்துனா அளவு தெரியாதுங்க, மொதலாளி கத்துவாரு" என்று அவன் ஒரு கண்ணாடிக் கிளாஸை டக்கென்று அப்பா முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டான். அப்பா லோட்டாவைப் பெஞ்சுக்குக் கீழே வைத்துவிட்டுக் கிளாஸில் குடித்தார்.

அடுத்து நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. டீ குடித்து முடித்தோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. இருபத்திரண்டு பேரும் ஒரே சமயத்தில் எழுந்தோம். கையில் ஆளுக்கொரு எச்சில் கிளாஸ். கைகழுவும் குழாய்க்கு முன்னால் வரிசை கட்டி நின்றோம், கிளாஸ் கழுவ. பட்டாளத்துக்காரர் முதல் ஆள், நான் மூன்றாவது. வடிகட்டின ஒற்றுமை! ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தோசையைக் கையில் பிடித்தபடி எங்களைப் பார்க்கிறார்கள்.

சப்ளையர் அலறிக்கொண்டு ஓடிவந்தான். "யோவ், யோவ்! இன்னாய்யா பண்றீங்க? நீங்களே கழுவிட்டா எனக்கு எதுக்குய்யா சம்பளம்? வைங்கய்யா கீழ!"

எங்கள் கைகளிலிருந்து கிளாஸ்களைப் பிடுங்கி ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டியில் மொத்தமாகப் போட்டான். கலகலவென்று எல்லாம் ஒன்றோடொன்று மோதின. எங்களுக்கு ஒரே வெட்கம். பெஞ்சுக்குத் திரும்பி வந்து ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தோம். உபதேசியாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாய்க்கு என்ன தோன்றியதோ, "எல்லாருக்கும் இன்னொரு டீ, நான் வாங்கித் தர்றேன்" என்றார்.

அதே கிளாஸ்களில் டீ வந்தது. மாமா தன் கிளாஸை எடுத்தார். வாய் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினார். அவர் சப்ளையரைப் பக்கத்தில் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில்தான் கேட்டார்.

"தம்பி, அதோ அந்த மூலையில கீறாரே, அவரு மொதல்ல குடிச்ச கிளாசு இதுல எது?"

சப்ளையருக்குத் தாழ்ந்த குரல் என்று ஒன்று பிறவியிலேயே கிடையாது போலிருக்கிறது. "நல்லா கேட்டீங்க போங்க! ஒவ்வொரு கிளாசுக்கும் பேரா வச்சிகிறேன்?" என்று சிரித்தவன், சட்டென்று முகம் மாறி, "ஏன், அவருக்கு எதனா ஒட்டுவாரொட்டிச் சீக்கா? இருந்தா சொல்லிடுங்க, தனியா எடுத்து வெளிய வச்சிடறேன்" என்றான்.

ஓட்டல் மொத்தமும் திரும்பி அப்பாவைப் பார்த்தது. கல்லாக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். தனியாக எடுத்து வெளியே வைப்பது என்றால் என்ன என்று அந்தப் பெஞ்சுகளில் இருந்த எங்கள் எல்லோருக்கும் தெரியும். மாமாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அவர் முகத்தை நான் பார்த்தேன். யாரோ அவரையே அறைந்த மாதிரி இருந்தது.

"சீக்கா?" என்று மாமா போட்ட சத்தத்தில் சப்ளையர் இரண்டடி பின்னால் போனான். "யாருக்குடா சீக்கு? அவரு என் மச்சான்டா! என் தங்கச்சி வூட்டுக்காரரு!"

சொல்லிவிட்டு டீயை ஒரே மடக்காகக் குடித்தார். நல்ல கொதிக்கிற டீ. நாக்கு வெந்துபோய் "ஸ்ஸ்" என்று வாயை ஊதிக்கொண்டார். யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை.

மூலையிலிருந்து அப்பா குரல் வந்தது. "மெதுவா குடிக்கறதுதானே மச்சான். யாரு புடுங்கிக்கப் போறாங்க?"

ஆறு வருஷம் கழித்துப் பேசின முதல் பேச்சு. மாமா திரும்பினார். "கல்யாணம் எப்போ?" என்று முறைத்துக்கொண்டே கேட்டார்.

"வைகாசி. உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். நீ வந்து சொன்னியா? வெத்தல பாக்கு வச்சிக் கூப்புட்டியா? கூப்புடாத வூட்டுக்கு நான் எப்பிடி வருவேன்? உன் வூட்டுக்கு நான் இன்னா பிச்சைக்கா வரணும்?"

அடப்பாவிகளா! இவர் வரமாட்டார் என்று அப்பா கூப்பிடவில்லை. அவர் கூப்பிடவில்லை என்று இவர் வரவில்லை. நடுவில் என் அம்மா அழுது அழுது கண் வீங்கிக் கிடக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு பேர் தலையிலும் அந்தத் தொட்டித் தண்ணீரைக் கவிழ்க்கலாம் போலிருந்தது.

அப்பா எழுந்து வாசலில் இருந்த பெட்டிக்கடைக்கு ஓடினார். ஒரு கவுளி வெற்றிலையும் பாக்கும் வாங்கிவந்தார். தட்டு இல்லை. சப்ளையரே தோசைத் தட்டு ஒன்றைத் துடைத்துக் கொடுத்தான். பண்ணின தப்புக்குப் பிராயச்சித்தம் போல. எங்கள் ஆட்கள் மட்டுமில்லை, தோசை சாப்பிட்டவர்களும் எழுந்து சுற்றி நின்றுவிட்டார்கள். அப்பா தட்டை இரண்டு கையாலும் நீட்டி, "பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிகிறேன். மாமன்காரன் நீதான் முன்ன நின்னு நடத்தணும்" என்றார். மாமா மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டார். பட்டாளத்துக்காரர் விசில் அடித்தார். வெளியே பாய் ஹாரனை அழுத்திக்கொண்டே, "மாநாடு முடிஞ்சிடும்யா! ஜல்தி!" என்று கூப்பாடு போட்டார்.

அச்சிறுபாக்கம் தாண்டியதும் அப்பா மடியைத் தடவினார், துண்டை உதறினார், மூட்டை இடுக்கெல்லாம் பார்த்தார். "ஐயய்யோ, என் லோட்டா! ஓட்டல்லியே வச்சிட்டேன்!"

"வுடு மச்சான். இனிமே அது எதுக்கு உனக்கு?" என்றார் மாமா. இப்போது இரண்டு பேரும் ஒரே மூட்டையில் சாய்ந்திருந்தார்கள்.

"எதுக்கா? இன்னா பேச்சு பேசற?" அப்பாவுக்குக் குரலே மாறிவிட்டது. "புள்ள மொத சம்பளத்துல வாங்கியாந்து குடுத்தது. என் பேரு வெட்டிகிது அதுல. நம்ம தெருவுல எவன் பேரு வெட்டின பாத்திரம் வச்சிகிறான், சொல்லு?"

மாமா என்னைப் பார்த்தார். அந்த லோட்டா எதற்காக வாங்கப்பட்டது என்று அந்த லாரியில் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நான் பின்னால் ஓடுகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டேன். மாமா யாரையும் பார்க்காமல் தொண்டையைச் செருமி, "சரி, திரும்பி வரச்சொல்ல வண்டிய நிறுத்தி வாங்கிக்கலாம்" என்றார்.

மாநாடு எப்படி நடந்தது என்று பின்னால் பலபேர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய கூட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நாங்கள் கடைசியில் உட்கார்ந்திருந்தோம், பேசியது பாதி கேட்கவில்லை. கை தட்டுகிறபோது நாங்களும் தட்டினோம். உபதேசியார் கடற்கரையில் செருப்பைத் தொலைத்தார்.

மறுநாள் மத்தியானம் திரும்பும் வழியில் திண்டிவனத்தில் அதே ஓட்டல் வாசலில் வண்டி நின்றது. இந்தத் தடவை யாரும் தயங்கவில்லை, தடதடவென்று இறங்கினார்கள். சப்ளையர் எங்களைக் கண்டதும் கல்லாவுக்குப் பின்னாலிருந்து லோட்டாவை எடுத்துவந்தான். "பேரு வெட்டிருந்துது, அதான் பத்திரமா வச்சேன்."

அப்பா கை நீட்டுவதற்குள் மாமா அதை வாங்கிக்கொண்டார். குழாயில் நிறையத் தண்ணீர் பிடித்தார்.

எங்கள் பக்கம் பொதுப் பாத்திரத்தில் அண்ணாந்துதான் குடிப்போம். உதட்டில் பட்டால் எச்சில். சொந்த வீட்டிலேயே அப்படித்தான். மாமா லோட்டாவை உதட்டில் வைத்தார். வாய் வைத்தே இரண்டு மடக்குக் குடித்தார். மீசையில் தண்ணீர் சொட்ட, பட்டாளத்துக்காரரிடம் நீட்டினார். அவர் வாய் வைத்துக் குடித்தார். உபதேசியார் குடித்தார். ஆளுக்கொரு வாயாக, ஒவ்வொரு கையாக அது வந்தது. ஒருத்தரும் அண்ணாந்து குடிக்கவில்லை. கடைசியாக என் கைக்கு வந்தபோது லோட்டா காலி.

அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். வெட்டியிருந்த பெயர் விரலில் தட்டுப்பட்டது.

"இருடா" என்று அப்பா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார். குழாயைத் திறந்து, தளும்பத் தளும்பப் பிடித்து, சிந்தாமல் நடந்துவந்து என்னிடம் நீட்டினார். "இந்தா, குடி. உன் லோட்டாதானே?"

வாய் வைத்துத்தான் குடித்தேன். முழுசாகக் குடித்து முடிக்கும்வரை அப்பா எதிரிலேயே நின்றார்.